பேச முடியாத நோயாளிக்கு யார் காவல்?

வாயுள்ளவன் தன் வழக்கைத் தானே உரைப்பான். வாயற்றவனுக்காகப் பிறர் வாதாடல் வேண்டும். நீதிமன்றத்தில் நாம் கற்ற இப்பாடத்தை இன்று வைத்தியசாலை வாயிலில் நின்று நினைவூட்ட விரும்புகின்றோம்.

நரம்பியல் அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே கிடப்பவர் யார்? பாரிசவாதத்தால் நினைவிழந்த முதியவர். வீதி விபத்தில் தலையிற் காயமுற்ற வாலிபர். பாம்பு தீண்டி மூச்சுத் தசைகள் ஓய்ந்த கமக்காரர். தொண்டை நோகின்றதென்றோ மணம் தெரியவில்லையென்றோ இவர்கள் கூற இயலாது. காய்ச்சல் கண்டாலும், அது மூளைக் காயத்தின் விளைவாகவும் இருக்கலாம். ஆகவே 2020ஆம் ஆண்டு கொரோனா உலகைச் சூழ்ந்தபோது, அறிகுறி கேட்டுத் தொற்றாளரைப் பிரிக்கும் முறை இவ்விடத்திற் செல்லுபடியாகவில்லை.

குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவனை நிரபராதியாகக் கொள்வது சட்டத்தின் நெறி. கொள்ளைநோய்க் கால வைத்திய நெறியோ இதற்கு நேர்மாறானது. பரிசோதனை முடிவு வரும்வரை ஒவ்வொருவரையும் தொற்றுள்ளவராகவே கருதி, காப்புடை அணிந்தே அணுகுதல் வேண்டும். ஆயினும், முடிவு வரட்டுமென்று சிகிச்சையைத் தள்ளிவைத்தல் பெருந்தவறாகும். இரத்தக் கட்டி அடைத்ததால் வந்த பாரிசவாதத்திற்கு, அதனைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துள் ஏற்றியாக வேண்டும்.

தொண்டைக் குழாயிற் சளியை உறிஞ்சும்போது நுண்துளிகள் காற்றிற் பரவுகின்றன. கட்டில்விட்டுக் கட்டில் செல்லும் கைகளும் கிருமியைக் காவுகின்றன. 1847இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், குளோரின் கலந்த நீரிற் கை கழுவச் செய்து பிரசவ விடுதியில் தாய்மாரின் சாவைக் குறைத்துக் காட்டினார். அன்று பலர் அதனை ஏற்கவில்லை. இன்று எல்லோரும் ஏற்கின்றனர். ஆயினும் ஒரு தாதி பல கட்டில்களுக்கு ஓடவேண்டிய இடத்தில் அவ்விதி சுவரிலே தொங்கும் வெறுங் காகிதமே. சம்பளம் வெட்டுப்படுமென அஞ்சிக் காய்ச்சலை மறைக்கும் சிற்றூழியரைக் கடிவதாற் பயனில்லை. அவருக்குச் சம்பளத்துடன் லீவு கொடுப்பதும் தொற்றுத் தடுப்பே.

உறவினருக்கு வாயில் அடைக்கப்பட்டதை நாம் முற்றாகக் கண்டிக்கவில்லை. எனினும், நினைவிழந்தவருக்கு உறவினரே வாய். அவர்களுக்கு விளங்கும் மொழியில் நாள்தோறும் தொலைபேசியில் நிலைமையை அறிவித்தல் கடமையாகும். மரணத் தறுவாயில் ஒருவரையேனும் காப்புடையுடன் அனுமதித்தல் மனிதத் தன்மையாகும்.

1952இல் கோப்பன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியபோது, மருத்துவ மாணவர் இரவுபகலாகக் கையாற் பையை அழுத்தி நோயாளருக்கு மூச்சூட்டினர். இன்றைய அதிதீவிர சிகிச்சை முறையே அந்த அனுபவத்தில் வளர்ந்தது. நெருக்கடி கற்பித்த பாடத்தை நெருக்கடி தீர்ந்தபின் பேணுவதே அறிவுடைமை.

தனியறைகள், நல்ல காற்றோட்டம், போதிய தாதியர், முகக்கவச இருப்பு ஆகிய நான்கையும் அடுத்த கொள்ளைநோய் வருமுன்னரே அரசாங்கம் ஒழுங்கு செய்தல் வேண்டும். கட்டிலிற் கிடப்போர் இதனைக் கேட்க இயலாது. அவர்கள் சார்பில் நாம் கேட்கின்றோம்.