ஆலைக்கு உண்டு, பள்ளிக்கு இல்லை

ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும், தக்க கருவிகளும் மருத்துவ, செவிலியப் பணியாளரும் கொண்ட சிகிச்சை அறை ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விதித்தது. இயந்திரத்தில் விரல் நசுங்கியவனும், உலைச்சூட்டில் மயங்கியவனும் ஓசூர் சிப்காட்டில் அந்த விதியால் அடைந்த நன்மை சாமான்யமானதன்று. ஆனால் அதே தொழிலாளியின் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள் இருந்தாலும், அங்கே ஒரு செவிலியர் இருந்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை. தகப்பனுக்குக் கிடைத்த பாதுகாப்பைப் பிள்ளைக்கு மறுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

இந்தக் கேள்வி மற்ற ஜில்லாக்களைவிடக் கிருஷ்ணகிரிக்கு அதிகம் பொருந்தும். 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் முன்பே வேரூன்றியிருக்க, இப்போது கைப்பேசி உதிரிபாகம், மின்சார வாகனம் எனப் புதிய ஆலைகளும் எழும்பியுள்ளன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் குழந்தைகளும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாயும் தகப்பனும் ஷிஃப்டு மாற்றி ஷிஃப்டு உழைக்கும் வீடுகளில், பகல் முழுவதும் பிள்ளையின் உடம்பைக் கவனிக்கும் பொறுப்பு, யாரும் கேட்காமலேயே, பள்ளியின் தலையில் வந்து விழுகிறது.

அந்தப் பொறுப்பின் கனம் எத்தகையது என்பதை, கட்டணம் வாங்கும் பள்ளிகளில் ‘சிக் ரூம்’ என்று வழங்கும் செவிலியரின் சிறிய அறைக்கு வெளியே ஒரு முற்பகல் நின்றாலே உணரலாம். காலைப் பிரார்த்தனையில் மயங்கிச் சாய்ந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை இருவர் தாங்கிக்கொண்டு வருகிறார்கள். விசாரித்தால், அம்மா முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன்னே போய்விட்டதால் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிகிறது. அவளைப் படுக்கவைப்பதற்குள் இழுப்பு வந்த பையன் ஒருவன் இன்ஹேலரைத் தேடி வருகிறான். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிறுமிக்குச் சர்க்கரை அளவு பார்க்கவேண்டிய வேளையும் நெருங்குகிறது. நாப்கின் கேட்க வந்தவள் வாசலிலேயே தயங்கி நிற்கிறாள். கணக்குப் பரீட்சைக்குப் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவனையும், உண்மையாகவே குடல்வால் வீங்கியவனையும் ஒரே பார்வையில் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. வீட்டுக்குச் சொல்லலாமென்று போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. லைனில் நிற்கும் தாயின் போன் தொழிற்சாலை லாக்கரில் பூட்டிக் கிடக்கிறது. மாத்திரை கொடுத்தால் யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்பார்கள். கொடாவிட்டால் ஏன் சும்மா இருந்தீர்கள் என்பார்கள். இத்தனைக்கும் நடுவில், ஆசிரியை வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும் அந்தச் செவிலியரையே அனுப்புகிற பள்ளிகள் உண்டு.

அரசுப் பள்ளியில் இந்த வேலையெல்லாம் இல்லாமற்போய்விடவில்லை. செய்யத்தான் ஆள் இல்லை. தலைமையாசிரியரின் மேஜையடியில் ஒரு முதலுதவிப் பெட்டியும், அவசரத்துக்கு 108-உம், அன்பு மிகுந்த ஓர் ஆசிரியையின் ஸ்கூட்டியுமே அங்கே மருத்துவ ஏற்பாடு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவரும் செவிலியரும் அடங்கிய நடமாடும் குழு ஒன்று வட்டாரப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது வந்து, இருதயக் கோளாறு முதல் பார்வைக் குறைவு வரை பரிசோதிக்கிறது. அந்தக் குழுவினரின் உழைப்பு போற்றத்தக்கதே. ஆயினும் கண்ணாடி போடவேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்த பிள்ளை கண்ணாடி போட்டதா என்று மறுவாரம் கேட்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

இதே குறையை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் நகரம் அனுபவித்திருக்கிறது. டாக்டர்கள் பள்ளிதோறும் பரிசோதித்து, கண்நோயும் படையும் கண்ட குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிகிச்சை செய்வார் இன்றி அக்குழந்தைகள் தெருவில் அலைந்தன. 1902 அக்டோபரில் லீனா ராஜர்ஸ் என்னும் செவிலியர் நான்கு பள்ளிகளில் பரீட்சார்த்தமாக நியமிக்கப்பட்டு, சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டு, மாலையில் வீடுவீடாகச் சென்று தாய்மாருக்கு விளக்கினார். ஒரே மாதத்தில் பலன் தெரிந்து, நகர நிர்வாகம் மேலும் பல செவிலியரை நியமித்தது. ஓராண்டுக்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் தொகை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. நோயைக் கண்டுபிடிப்பதோடு நின்றால் பள்ளிக்கு வரும் பிள்ளைதான் குறையும் என்பது அந்நகரம் கற்ற பாடம்.

நம் மாவட்டத்துக்கே உரிய நோய்களும் அந்தப் பாடத்தையே சொல்கின்றன. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பிரதேசம் இது. அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் உருவாகி 2013-இல் செயலுக்கு வந்தது. ஆனால் சிறு வயதில் பல்லில் ஏறிய கறை தேய்த்தால் போவதில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் சிறுமியைப் பல் தேய்க்கவில்லையா என்று அதட்டாமல், உங்கள் தெருவில் குடிப்பது குழாய்த் தண்ணீரா, போர்த் தண்ணீரா என்று விசாரித்து எழுதிவைக்கத் தெரிந்த ஒருவர் பள்ளியில் இருந்தால், அவள் தம்பி தங்கைகளின் பல்லாவது தப்பும். வாரந்தோறும் வழங்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையின் கதையும் இதுதான்: வெறும் வயிற்றில் விழுங்கியவளுக்குக் குமட்டல் கண்டால், மறுவாரம் வகுப்பே மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிடும். காலை உணவுத் திட்டமோ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தமிழகத்தின் வளரிளம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை உண்டென்று தேசியக் குடும்பநல ஆய்வு கூறும்போது, மாத்திரையை எண்ணிக் கொடுத்தாயிற்று என்று கணக்குக் காட்டுவது போதாது.

சொல்லக் கூசும் விஷயம் ஒன்றும் உண்டு. 2024-இல் இம்மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், போலி என்.சி.சி. முகாமின் பெயரால் மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளாக, தெரிந்தும் தெரிவிக்காமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதாயினர். மலையோரக் கிராமங்களில் குழந்தைத் திருமணமும் ஒழிந்தபாடில்லை. அடிக்கடி தலைவலி என்று வந்து படுக்கும் பெண், உடம்பைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசவே வருகிறாள் என்பதைப் பெரும்பாலும் முதலில் ஊகிப்பவர் செவிலியரே. மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லாத பெரியவர் ஒருவரிடம்தான் பிள்ளைகள் மனந்திறப்பார்கள்.

ஆசிரியர்களுக்கே பயிற்சி அளித்தால் ஆகாதா என்பார்கள். பள்ளிக்கு இரண்டு ஆசிரியரை ஆரோக்கியத் தூதுவராக்கும் மத்திய அரசின் திட்டம் 2020-இல் வந்தது. சுகாதாரப் பாடம் நடத்த அது உதவும், வலிப்பு வந்த பிள்ளையைக் காக்க உதவாது. பணத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த ஆட்சேபணை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. கல்வித்துறையின் குறுவள மையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செவிலியரை நியமித்து, அவர் பெரிய பள்ளியில் தங்கி, சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளையும் முறைவைத்துப் பார்க்கும்படி ஓசூர், சூளகிரி, கெலமங்கலம், தளி ஒன்றியங்களில் முதலில் செய்து பார்க்கலாம். சமூகப் பொறுப்பு நிதியாகச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கக் கடமைப்பட்ட கம்பெனிகள் சுவருக்கு வர்ணமும் ஸ்மார்ட் வகுப்பும் தருவதுபோல, அறையையும் கட்டிலையும் கருவிகளையும் தரட்டும். சம்பளத்தை மட்டும் சர்க்கார்தான் தரவேண்டும். தொகுப்பூதியச் செவிலியர் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் அமர்ந்த காட்சிகளைக் கண்ட பிறகும், இன்னொரு தற்காலிகப் பதவியைச் சிருஷ்டிப்பது அவர்களுக்கும் துரோகம், பிள்ளைகளுக்கும் துரோகம்.

தொழிலாளியின் உடம்பைக் காப்பது தம் கடமை என்று ஆலை முதலாளிகள் தாமாக ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் வந்து ஒப்புக்கொள்ள வைத்தது. அரசுப் பள்ளியில் முதலாளியின் ஸ்தானத்தில் இருப்பது சர்க்காரே. பிறரைக் கட்டுப்படுத்த 1948-இல் துணிந்த அரசு, தன்னைத் தானே கட்டுப்படுத்தும் விதி ஒன்றை இயற்ற இன்னும் தயங்குவதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.