பேக்கேஜ் பணம் யாருடையது?

பாதி முகத்துக்கு மட்டும் பூச்சு போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுப்பது அழகு நிலையத் தொழிலில் பழைய வித்தை. அறுபது வெள்ளி அறிமுகச் சலுகையைப் பார்த்து செராஸ் லெஷர் மால் பக்கத்துக் கடைவீட்டு மாடிக்கு ஏறி வந்த பெண், தலைமுடியைக் கட்டி, கைப்பையைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் படுத்திருக்கிறார். “அக்கா, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பாருங்க.” அடுத்து விலை. தடவைக்கு 320 என்று 12 தடவைக்கு 3,840 வெள்ளி, “இன்னிக்கே எடுத்தா 2,400தான்கா.” அக்கா தயங்கினால், “மேனேஜர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன்” என்று வெளியே போகும் பணிப்பெண் ஒரு நிமிடத்தில் ஒரு டப்பா கிரீமோடு திரும்பி வருகிறார். கிரீம் இலவசமாம். பல கடைகளில் அப்படி ஒரு மேனேஜரே கிடையாது. கார்டு தேய்க்கும் கருவி படுக்கைக்கே வந்துவிடும்.

இதில் எவையெல்லாம் குற்றம் என்பது இவ்விதழின் வாசகர்களில் பலருக்குத் தெரியும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விலையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்குவதையும், தூண்டில் விளம்பரத்தையும், கொடுக்கும் எண்ணமில்லாத இலவசத்தையும், இல்லாத தட்டுப்பாட்டை இருப்பதாகச் சொல்வதையும் தனித்தனிப் பிரிவுகளில் தடுக்கிறது. ஒருவரும் ஒருநாளும் கொடுத்திராத 3,840ஐ அடித்துவிட்டு 2,400 என்று எழுதுவது அதில் முதல் வகை. தனியாள் பெயரிலோ கூட்டாகவோ நடக்கும் கடைக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். நிறுவனமாக இருந்தால் அபராதம் இரண்டரை லட்சம் வரை போகும். வாட்ஸ்அப்பில் விலை போடாமல் “பிஎம் பண்ணுங்க” என்று எழுதும் பழக்கமும் குற்றம்தான். இணையத்தில் விற்பவர் முழு விலையையும் காட்ட வேண்டும் என்ற விதி 2013 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது.

ஆனால் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்த வித்தை நமக்கு ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டால், முழுப் பணமும் இன்றைக்கே, அவர் எழுந்து உட்கார்வதற்குள், வந்தாக வேண்டும் என்பதுதான் பதிலாக வரும். கடை வாடகை முதல் தேதி. இரண்டு பணிப்பெண்களின் சம்பளம் ஏழாம் தேதி. அமானா இக்தியாரில் நுண்கடன் எடுத்தவர்களுக்கு வாரத் தவணை வேறு. இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கென்று 2024இல் அறிவிக்கப்பட்ட ஐந்து கோடி வெள்ளி ‘பெண்’ கடன் திட்டம் பலருக்குக் கதவைத் திறந்துவிட்டது, நல்லதுதான். முதலீட்டுக்குப் பணம் கிடைத்த அளவுக்குக் கணக்கு வைக்கும் பயிற்சி கிடைத்ததா என்பது வேறு கேள்வி. கல்லாவில் விழுந்த 2,400 வெள்ளியை அன்றைய வருமானம் என்று எழுதுகிற கடை, உண்மையில் பன்னிரண்டு தடவை வேலை செய்து கொடுக்க வேண்டிய கடனை எழுதிக்கொண்டிருக்கிறது. டிசம்பரில் வரப்போகும் வாடிக்கையாளரின் பணத்தில் செப்டம்பர் வாடகையைக் கட்டினால், டிசம்பர் வாடகைக்கு இன்னொருவரைப் படுக்க வைத்துக் கண்ணாடி காட்டத்தான் வேண்டியிருக்கும்.

இந்த ஓட்டம் எங்கே போய் முட்டும் என்பதை நம் நாடு பார்த்திருக்கிறது. 2017 ஜூனில் ட்ரூ ஃபிட்னஸ், ட்ரூ ஸ்பா கிளைகள் மலேசியாவில் திடீரென மூடப்பட்டபோது, முன்பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். அது பெரிய நிறுவனம் என்பதால் செய்தியானது. தாமான் மிடாவிலோ தாமான் கன்னாட்டிலோ ஒரு மாடிக்கடை பலகையைக் கழற்றிக்கொண்டு போனால் செய்தி வராது. பணம் போனது போனதுதான்.

பேக்கேஜ் பணத்தைச் சட்டம் யாருடையதாகப் பார்க்கிறது என்பதற்கு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். தொடர்ந்து வழங்கப்போகும் சேவைக்கான ஒப்பந்தத்தை வாடிக்கையாளர் பாதியில் ரத்து செய்யலாம். அப்போது கடை பிடித்துக்கொள்ளக்கூடியவை மூன்றே மூன்று. ஒப்பந்த மொத்த விலையில் 5 விழுக்காடு, அவர் பயன்படுத்திய அல்லது வைத்துக்கொண்ட பொருளின் விலை, அதுவரை அவர் பெற்ற பயனின் மதிப்பு. அழகு நிலையம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. வருடக் கட்டணத்தை ஜனவரியிலேயே வாங்கிவிடும் டியூஷன் மையங்களும் தங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்திருக்க வேண்டாம்.

மேலே சொன்ன அக்கா மூன்று தடவை வந்துவிட்டு நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். தடவைக்கு 200 வெள்ளி என்று 600, ஐந்து விழுக்காடு 120. இரண்டையும் கழித்தால் 1,680 வெள்ளி அவர் கைக்குத் திரும்ப வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? “பேக்கேஜ் விலை முழுசா முடிக்கிறவங்களுக்குத்தான்” என்று சொல்லி, வந்த மூன்று தடவைக்கும் 320 வீதம் 960 போடுவார்கள். இலவசம் என்று கொடுத்த கிரீமுக்குத் திடீரென 180 வெள்ளி விலை முளைக்கும். 120ஐயும் சேர்த்தால் கடைக்கு 1,260, அவருக்கு 1,140. இடையில் மறைந்த 540 வெள்ளியை எந்தப் பேரேட்டில் எழுதுவது? பெற்ற பயனின் மதிப்பை அவர் வாங்கிய விலையில்தான் போட வேண்டும் என்பது இவ்விதழின் நிலைப்பாடு. யாரும் கொடுத்திராத விலையில் போடுவது ஏமாற்றுதான். இலவசம் என்று சொல்லிக் கொடுத்த பொருள் போகும்போதும் இலவசமாகவே இருக்கட்டும்.

பாதிப் பேரை ரத்துக் கேட்கவே விடாமல் செய்வது ரசீதின் அடியில் உள்ள முத்திரை: கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. 17ஆம் பிரிவை ஒரு ரப்பர் முத்திரையால் அழித்துவிட முடியாது. 2010 திருத்தத்தில் சேர்ந்த நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய பகுதி, பொடி எழுத்தையும் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமமான வாசகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அடித்த நான்கு பக்கத்தை, முகத்தில் பூச்சோடு இருக்கும் அறுபது வயது அம்மாவிடம் கையெழுத்துக்கு நீட்டுகிறவர்கள் இதைப் படித்து வைப்பது நல்லது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

ஆனாலும் நம் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. “நம்ம ஆளுங்க கடை, நாமே ஆதரிக்கலேன்னா யாரு?” என்று சொல்லி விற்றிருக்கிறோம். அந்தச் சொல் விற்கும்போது மட்டும் வேலை செய்வதில்லை, பிறகு புகார் செய்ய விடாமலும் வாயைக் கட்டிவிடுகிறது. ராபர்ட் சியால்டினி 1984இல் எழுதிய ‘இன்ஃப்ளூயன்ஸ்’ நூலை விற்பனைப் பயிற்சியாளர்கள் வேதம்போல் ஓதுகிறார்கள். பிடித்தமானவர் கேட்டால் மறுக்க முடியாது, குறைவாக இருப்பது கூடுதலாக ஈர்க்கும் என்றெல்லாம் பட்டியல் போடுகிறார்கள். விற்பனைக்காரர்களின் பிடியிலிருந்து சாதாரண மனிதர் எப்படித் தப்புவது என்று சொல்லவும் எழுதப்பட்ட நூல் அது. அந்தப் பாதியை எந்தப் பயிற்சியிலும் யாரும் நடத்துவதாகத் தெரியவில்லை. இன உணர்வைக் காட்டிக் கறப்பதை இவ்விதழ் மற்ற எல்லா வித்தைகளையும்விட மோசமானதாகக் கருதுகிறது. ஏமாந்தவர் நடுவர் மன்றத்துக்குப் போகாவிட்டாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போவார். அங்கே கெடுவது அந்த ஒரு கடையின் பெயர் மட்டுமில்லை, பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களின் பெயரும்தான்.

பேக்கேஜே கூடாது என்று சொல்லவில்லை. பருவுக்குச் சிகிச்சை ஒரே தடவையில் முடியாது. மொத்தமாக வாங்குகிறவருக்கு விலை குறைப்பது எந்த வியாபாரத்திலும் உள்ளது. பன்னிரண்டுக்குப் பதில் மூன்று தடவையாக விற்கலாம். விலைப் பேச்சை வாடிக்கையாளர் எழுந்து, முகம் துடைத்து, கைப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இன்று சொன்ன விலை அடுத்த வாரமும் உண்டு என்று எழுதிக் கொடுக்கலாம். இப்படிச் செய்தால் முதல் சில மாதங்களில் விற்பனை குறையும். அதை மறைத்து யோசனை சொல்வதும் ஒரு வகை ஏமாற்றுதான்.

உண்மையான சிக்கல் கமிஷனில் இருக்கிறது. பேக்கேஜை விற்ற அன்றே பணிப்பெண்ணுக்கு முழுக் கமிஷனும் கொடுத்துவிட்டு, மாதம் இருபதாயிரம் இலக்கும் வைத்துவிட்டு, “அழுத்தி விற்காதே” என்று அவளிடம் சொல்வதில் அர்த்தமில்லை. கமிஷனில் பாதியை விற்ற மாதமும் மீதியை ஒவ்வொரு தடவை சேவை முடியும்போதும் கொடுங்கள். வாடிக்கையாளர் திரும்பி வருவதில் அவளுக்கும் பங்கு இருக்கும். கூடவே முன்பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று. சேவை முடிந்த பிறகு அந்தத் தடவைக்கான 200 வெள்ளியை மட்டும் கடைக் கணக்குக்கு மாற்றுவது. இதற்குக் கணக்காளர் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ரசீதின் முன்பக்கத்தில், மொத்த விலைக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், தமிழிலும் மலாயிலும் இரண்டு வரி சேருங்கள்: எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்; வந்த தடவைக்கான பேக்கேஜ் விலையும் மொத்தத்தில் 5 விழுக்காடும் போக மீதி இத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும். நாள் எத்தனை என்பதை உங்கள் கையிருப்பைப் பார்த்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ரசீதுப் புத்தகம் அடிக்க அச்சகத்துக்குக் கொடுப்பவர்கள் முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. பிறகு வாழ்த்து அட்டைக்காரர்களின் கூட்டத்தில் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.