பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போட்டுடாதீங்க

முதுகுளத்தூர் பக்கம் பிளஸ் டூ முடிச்சுட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிற பிள்ளைகளே, பெத்தவங்களே, இது உங்களுக்கு.

டாக்டருக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நீட்டுக்குக் கணக்கு வேண்டாம், உண்மைதான். ஆனா வார்டுல அது இல்லாம ஒரு நாள் ஓடாது.

கண்மாய் நிறைஞ்சு கிடக்கும்போது மடையைத் திறந்தா தண்ணி சீறிக்கிட்டுப் போகும். மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும். ரத்தத்துல இருக்கிற மருந்தும் அப்படித்தான். (ரெண்டுக்கும் சூத்திரம் வேற, கணக்கு வாத்தியார்கள் சண்டைக்கு வராதீங்க.) ஜென்டாமைசின் ஊசி போட்டா, நல்ல கிட்னி உள்ளவருக்கு 2-3 மணி நேரத்துல அளவு பாதியாகும். கிட்னி முழுசா பழுதானவருக்கு ஒரு நாளுக்கு மேல ஆகும். இது தெரியாம அடுத்த டோஸ் போட்டா காது போயிடலாம்.

இப்படி நொடிக்கு நொடி மாறுற வேகத்தைப் பிடிக்கிறதுதான் நுண்கணிதம், அதாவது கால்குலஸ். கரண்ட், பாலம், இன்ஜின் சூடு எல்லாத்துக்கும் இதே பாஷைதான். அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 பாடத்திட்டத்துல முதல் செமஸ்டர் கணக்குத்தாளே அணிகளும் கால்குலஸுமாத்தான் இருந்துச்சு. அதுல எல்லை, வகையிடல் எல்லாம் மறுபடி வந்துச்சு, ஆனா ஒரே யூனிட்டுல ஓடிடுச்சு.

நிதானமா படிக்க வேண்டிய இடம் பிளஸ் ஒன். பல பள்ளிகள் அந்த வருஷத்தையே தாண்டி, பன்னிரண்டாம் பாடத்தை ரெண்டு வருஷம் நடத்துச்சு. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்துச்சு. 2025-ல எடுத்துட்டாங்க. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறையுது, டாக்டரா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா தேர்வோட பாடமும் போச்சுன்னா அடி யாருக்கு? வசதி உள்ளவங்க டியூஷன் வச்சுக்குவாங்க. மிளகாய்க் காட்டுல வேலை பாத்துப் படிக்க வைக்கிற வீட்டுக்கு ஸ்கூல் வாத்தியாரை விட்டா ஆளில்லை.

7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல இன்ஜினியரிங்குக்கும் வந்துச்சு. அரசுப் பள்ளிப் பிள்ளை உள்ளே போய், முதல் செமஸ்டர்லயே கணக்குல அரியர் வச்சு, "நமக்கு மண்டையில ஏறாது"ன்னு ஒதுங்கிடுதே, அதுதான் எனக்கு ஆத்திரம். மண்டையில ஒரு குறையும் இல்லை. யாரோ ஒரு வருஷம் பாடம் நடத்தாம விட்டிருக்காங்க.

கல்லூரி திறக்கிறதுக்குள்ள பிளஸ் ஒன் கணக்கு இரண்டாம் தொகுதியில 9, 10, 11-ஆவது பாடங்களை ஒரு தடவை போட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. கணக்கு ஆசிரியர்கள் யாராவது படிச்சா பதில் சொல்லுங்க.