மலைப்பாதைக்கு விமான நிலையத்திலேயே அனுமதியா?

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பயணி, தன் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டித் தற்காலிக இலங்கை அனுமதிப்பத்திரத்தை அங்கேயே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு 2025 ஆகஸ்ட் மாதம் ஆரம்பமானது. அதற்கு முன்னர் வேரஹெரவிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கோ, சர்வதேச அனுமதிப்பத்திரம் வைத்திருந்தால் கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் சங்கத்துக்கோ அவர் அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் ஒழிந்ததில் எனக்கு மனக்குறை இல்லை. என் கேள்வி வேறு. அந்தப் பத்திரத்தோடு வாடகை வாகனத்தில் ஏறுபவர் அன்று மாலையே ஹட்டன் வளைவுகளில் நிற்கலாம். அந்த வளைவுகளை அவர் அறிவாரா என்று எவர் பரீட்சித்தார்?

சென்ற பருவத்தில் நானுஓயாவுக்கு அருகே ஒரு காட்சி கண்டேன். வாடகை முச்சக்கர வண்டியை ஓட்டி வந்த வெளிநாட்டு இளைஞர் மூடுபனிக்குள் வளைவின் நடுவே வண்டியை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கொழுந்துப் பையோடு மடுவத்துக்கு நடந்துகொண்டிருந்த பெண்கள் வண்டியைச் சுற்றி நடுவீதிக்கு இறங்க வேண்டியதாயிற்று. மேலிருந்து ஒரு லொறி வந்தது. சாரதி பழகியவர், ஹோர்ன் அடித்து, வேகத்தை அடக்கி நிறுத்தினார். அவருடைய நிதானத்தால் அன்று செய்தி எதுவும் உருவாகவில்லை.

பழகியவர்களே தவறும் பாதை இது. 2023 ஜனவரி 20ஆம் திகதி ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களின் சுற்றுலாப் பேருந்து ஒரு வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியதில் ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பேருந்து பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிலும் சாரதி ஆசனத்தில் வெளிநாட்டவர் இல்லையே என்பர். உண்மைதான். இந்நாட்டிலேயே ஓட்டிப் பழகியவர்களுக்கே இம்மலை இத்தனை கடினமென்றால், சமதரை நெடுஞ்சாலையில் தானியங்கிக் கியர் காரோடு மட்டும் பழகியவருக்கு அது எத்தகையது? ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிடும், ஏறிவருபவருக்கு வழிவிட வேண்டும் என்பதையெல்லாம் எந்த ஊர் அட்டை சாட்சி சொல்கிறது?

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு ஆதாரமான 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, 400 கிலோவுக்கு மேற்படாத மூன்று சக்கர வாகனத்தை மோட்டார் சைக்கிளோடு ஒரே வகுப்பில் சேர்த்திருக்கிறது. நம் நாட்டிலோ முச்சக்கர வண்டிக்குத் தனி வகுப்பு உண்டு. டிக்கோயாவில் லயத்தில் பிறந்த இளைஞன் அந்த வகுப்பைப் பெற மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை என்று படியேற வேண்டும். தன் ஊரில் முச்சக்கர வண்டியைக் கண்ணாலும் கண்டிராதவருக்கு, அவர் நாட்டு மோட்டார் சைக்கிள் பரீட்சையே போதுமென்றால் இது என்ன நியாயம்?

அதே டிக்கோயா இளைஞன் வேலைக்காகத் துபாய்க்குப் போனால், கையிலுள்ள இலங்கை அட்டை அங்கே செல்லாது. பயிற்சியும் பரீட்சையும் மீண்டும் முதலிலிருந்து. அங்கே வேலைக்கு வரும் ஜேர்மனியரோ தன் அட்டையைக் கொடுத்து உள்ளூர் அட்டையாக மாற்றிக்கொள்கிறார். நம் பிள்ளைகளின் திறமையை உலகம் சந்தேகிக்கிறது. உலகத்தாரின் திறமையை நாம் சந்தேகிக்கவே கூசுகிறோம்.

அந்நியச் செலாவணியைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 2022ஆம் ஆண்டின் பஞ்சத்தைக் கண்டவன் அதை ஏளனம் செய்யமாட்டான். 2024இல் மட்டும் இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் இங்கு வந்தனர், இன்னும் வரட்டும். சுற்றுலாச் சாரதிகளோ தங்கள் பிழைப்பு பறிபோகிறது என்கிறார்கள். அவர்களது அச்சம் நியாயமானதே. ஆனால் இந்த வழக்கில் இரு தரப்பாரும் குறிப்பிடாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். காலைப் பெரட்டு முடிந்து, நடைபாதை இல்லாத வீதியின் ஓரமாக மலைக்கு நடக்கும் தொழிலாளி அவர். சாரதி அனுமதிப்பத்திரம் என்பது, எதிரே வருபவன் ஓட்டத் தெரிந்தவன் என்று அரசாங்கம் அவருக்குத் தரும் வாக்குறுதி. வாடகைக்கு எடுப்பவரின் வசதி அதற்குப் பின்னரே வரவேண்டும்.

நான் கேட்பவை நான்கு. முச்சக்கர வண்டி வேண்டுவோர் எவராயினும் இங்கே செய்முறைப் பரீட்சையில் தேறட்டும். காருக்கான பத்திரத்தோடு மலைவீதி விதிகள் பற்றிய கால் மணி நேர விளக்கமும் கட்டாயமாகட்டும். வாகனத்தை வாடகைக்கு விடுபவர், ஓட்டுபவரின் அனுமதி வகுப்பைச் சரிபார்க்கச் சட்டப்படி பொறுப்பேற்கட்டும். உரிய வகுப்பில்லாதவர் ஓட்டினால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு, அடிபட்டவரின் குடும்பமே அலையும். பாரதூரமான குற்றம் புரிந்த வெளிநாட்டுச் சாரதியின் ஓட்டும் உரிமையைப் பறிக்க ஜெனீவா உடன்படிக்கையே இடமளிக்கிறது; அதைத் தயங்காமல் பிரயோகிக்கட்டும்.

இவற்றால் எந்தப் பயணியும் திரும்பிப் போய்விடமாட்டார். பாதுகாப்பாக ஊர் திரும்ப அவரும் விரும்புவார். கொழுந்துப் பையோடு நடக்கும் பெண்ணும் மாலையில் லயத்துக்குத் திரும்ப வேண்டும்.