தலையில்லாத வயிறுகள்

நீரிழிவு பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ஒரு படமும் கூடவே வருகிறது. கழுத்துக்கு மேலே வெட்டப்பட்ட பருத்த உடல், இடுப்புப்பட்டியை மீறி வழியும் வயிறு, கையில் ஏதோவொரு தின்பண்டம். இங்கிலாந்தின் சார்லட் கூப்பர் 2007இல் இத்தகைய படங்களுக்குத் 'தலையில்லாத கொழுத்தவர்கள்' என்று பெயரிட்டார். முகமில்லாதவருக்கு வாயுமில்லை, எனவே எதிர்ப்பேச்சுமில்லை. மேற்கிலே பிடிக்கப்பட்ட இந்த வயிறுகளைத்தான் நமது தமிழ்ப் பத்திரிகைகளும் யோசனையின்றி இறக்குமதி செய்கின்றன. (அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் குளிர்பான விளம்பரம் இருந்தால் அதையும் யாரும் கவனிப்பதில்லை.)

உடற்பருமன் இரண்டாம் வகை நீரிழிவுக்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிரித்தானியாவின் 'டைரெக்ட்' ஆய்வில் எடைகுறைப்புத் திட்டத்தில் சேர்ந்தோரில் 46 வீதமானோர் ஓராண்டின் பின் மருந்தின்றியே நீரிழிவு நிலையிலிருந்து மீண்டிருந்தனர் என 2017இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் 'ஆபத்தைக் கூட்டும்' என்று ஆய்வாளர் எழுதியது செய்தி மேசைக்கு வந்ததும் 'கொழுத்தவனுக்கு வரும், தின்றதற்குத் தண்டனை' என்றாகிவிடுகிறது. பருத்தவர்களில் பெரும்பாலோருக்கு நீரிழிவு இல்லை என்ற உண்மைக்கு அங்கே இடமில்லை. முதலாம் வகை நீரிழிவோ இன்சுலின் சுரக்கும் கலங்களை உடலின் எதிர்ப்புத் தொகுதியே அழிப்பதால் வருவது. செய்தியில் இரண்டும் ஒன்றுதான். இன்சுலின் ஏற்றும் ஐந்து வயதுப் பிள்ளையின் உம்மாவிடம், "இனிப்புக் குடுத்துக் கெடுத்தியா?" என்று ஊர் கேட்பதில் இந்தச் செய்திகளுக்கும் பங்குண்டு.

இதைவிடப் பெரிய கேடு ஒல்லியானவனுக்கு நடக்கிறது. 2004இல் 'லான்செட்' சஞ்சிகை இரண்டு மருத்துவ ஆய்வாளர்களின் படத்தை வெளியிட்டது. புனேயின் யாக்னிக், லண்டனின் யட்கின். இருவரது உடற்திணிவுச் சுட்டியும் 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 வீதம். தென்னாசியருக்குக் கொழுப்பு பார்வைக்குத் தெரியாமல் வயிற்றுக்குள்ளே, ஈரலிலே குடியேறிவிடுகிறது. அதனாலேயே ஐரோப்பியருக்கு 25 என்றிருந்த எச்சரிக்கை எல்லை ஆசியருக்கு 23 ஆகட்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே ஆண்டில் வெளியான அறிக்கையில் சொன்னது. நமது செய்தியாசிரியர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை போலும்.

இலங்கையில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வொன்று வளர்ந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இத்தனை பேரும் அந்தப் படத்து வயிற்றையா சுமந்து திரிகிறார்கள்? சாய்ந்தமருதில் வலை இழுக்கும் மெலிந்த மனிதர் அந்தப் படத்தைப் பார்த்து, 'இது பணக்காரன்ட சீனி வருத்தம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். காலில் பட்ட காயம் மாதக்கணக்கில் ஆறாதபோதுதான் அவருக்கு இரத்தப் பரிசோதனை நடக்கும்.

நவம்பர் 14, உலக நீரிழிவு தினத்துக்கு இந்த ஆண்டும் சிறப்புப் பக்கம் போடுவார்கள். அதில் அந்த மனிதரின் படத்தைப் போடட்டும், முகத்தோடு.