தூது செல்லும் உரிமை

திருப்பெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் 2012ஆம் ஆண்டு முதல் பாரத்பென்ஸ் லாரிகள் உருவாகி வெளிவருகின்றன. அவற்றை உருவாக்கும் டைம்லர் நிறுவனத்தின் தாயகம் எது என்று கேட்டால், ஜெர்மனி என்போம். அது பாதி விடைதான். அதன் தாயகம் ஸ்டுட்கார்ட் வட்டாரம். அந்த நகரம் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தின் தலைநகரம். அம்மாநிலத்துக்குத் தலைநகராம் பெர்லினிலே தனிமாளிகை உண்டு. அதன் பெயரால் பேச முழு அதிகாரம் பெற்ற பிரதிநிதி உண்டு. அதற்கு மட்டுமல்ல, ஜெர்மனியின் 16 மாநிலங்களுக்கும் உண்டு.

ஒரே நாட்டுக்குள் தூதரா என்று வியப்போர், ஒரகடத்துக்கு மேற்கே, சிறிது தொலைவிலுள்ள காஞ்சியை நினைத்துப் பார்க்கட்டும். தகடூர் அதியமானின் தூதராக, தொண்டைமானிடம் வந்தவர் ஔவையார். படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமை பேசிய மன்னனிடம், நின் கருவிகள் நெய் பூசி அழகாக இருக்கின்றன, எம் மன்னனுடையவையோ போரிலே சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று, புகழ்வதுபோலப் பழித்து, நயமாக எச்சரித்தார் என்கிறது புறநானூறு. மொழி ஒன்று, பண்பாடு ஒன்று. ஆனால் அரசுகள் இரண்டு. ஆகவே தூது தேவைப்பட்டது. வள்ளுவரும் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார்.

ஜெர்மனியின் கதையும் இதுவே. 1648ஆம் ஆண்டு வெஸ்ட்பேலியா உடன்படிக்கை, அங்கிருந்த சிற்றரசுகளுக்கு உடன்பாடு செய்துகொள்ளும் உரிமையை உறுதி செய்தது. 1663 முதல் ரீகன்ஸ்பர்க் நகரில் ஓயாது நடந்த பேரவையிலே, மன்னர்கள் அமரவில்லை. அவர்தம் தூதர்களே அமர்ந்தனர். 1815இல் அமைந்த கூட்டாட்சியின் பிராங்பர்ட் மன்றமும் தூதர் மன்றமே. பின்னாளில் ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க், 1851 முதல் 1859 வரை அங்கே பிரஷ்யாவின் தூதராக இருந்து அரசியல் பயின்றவர். 1871இல் பேரரசு பிறந்த பின்னரும், பவேரியாவின் தூதர் பெர்லினில் இருந்தார். பிரஷ்யாவின் தூதர் மியூனிக்கில் இருந்தார். பேரரசு இதனால் இடிந்து விழவில்லை.

இதே காலத்தில் இங்கே நடந்தது என்ன? வெள்ளையன் செய்த முதல் வேலை, தூதுக்குரிய வாயை அடைத்ததுதான். 1799இல் மைசூரோடும், 1800இல் ஐதராபாத்தோடும் கும்பெனி செய்த உடன்படிக்கைகள், எம்மைக் கேளாமல் பிற அரசுகளோடு பேசாதே என்று கட்டளையிட்டன. அரண்மனை இருந்தது, அரியணை இருந்தது, யானையும் இருந்தது. பேசும் உரிமை மட்டும் ரெசிடெண்டு துரையின் சட்டைப் பைக்குள் போயிற்று. அண்டை அரசோடு பேச முடியாத அரசு, அரசன்று, அலங்காரம்!

வெள்ளையன் போய்விட்டான். அந்த ஏற்பாடும் போய்விட்டதா?

மாநிலங்களவை என்று ஓர் அவை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஜெர்மனியின் மாநிலங்கள் அவையிலே அமர்வோர் மாநில அரசின் உறுப்பினர். தம் அரசு சொன்னபடி, ஒரு மாநிலத்தின் வாக்குகள் அனைத்தையும் ஒருசேர அளிப்பவர். இங்கே அமர்வோர் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர். அந்தந்த மாநிலத்து வாக்காளராக இருக்கவேண்டும் என்ற விதியும் 2003இல் நீக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2006இல் அதை ஏற்றது. அங்கே மிகப் பெரிய மாநிலத்துக்கு 6 வாக்கு, மிகச் சிறியதற்கு 3. இங்கே உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடம், தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1.

அரசியல் சட்டத்தின் 263ஆவது பிரிவு கூறும் மாநிலங்களிடை மன்றமோ, 1990இல்தான் பிறந்தது. 2016 ஜூலை வரையிலான 26 ஆண்டுகளில் கூடியது 11 முறை. டில்லியிலே தமிழ்நாடு அரசு சிறப்புப் பிரதிநிதியை அமர்த்தி வந்திருக்கிறது. ஆயினும் அந்தப் பதவிக்கு அரசியல் சட்டத்தில் இடமில்லை. கதவைத் தட்டலாம், திறப்பதும் திறவாததும் உள்ளே இருப்பவர் விருப்பம்.

மாநிலங்களுக்கு இத்தனை உரிமை தந்தால் ஒற்றுமை குலையும் என்பார் சிலர். ஜெர்மனியில் மாநிலங்களின் இறைமையைப் பறித்து, அவற்றின் அவையையும் கலைத்தவர் யார்? 1934இல் இட்லர்! அந்த 'ஒற்றுமை' நாட்டைச் சாம்பலாக்கிற்று. அந்தப் பாடத்தைக் கற்றதால்தான் 1949இல் எழுதப்பட்ட சட்டம், நாடு மாநிலங்களாக அமைவதையும், சட்டமியற்றுவதில் அவற்றுக்குள்ள பங்கையும் எந்தத் திருத்தத்தாலும் நீக்க முடியாது என்று பூட்டிவைத்தது. இங்கேயோ 3ஆவது பிரிவின்படி, நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையே ஒரு மாநிலத்தை வெட்டிப் பிரிக்கப் போதும். 2019இல் சம்மு-காசுமீர் அதைக் கண்டது.

ஆனால் பிரதிநிதி இருப்பது மட்டும் போதாது, தோழர்களே! 1871ஆம் ஆண்டுப் பேரரசின் அவையிலே 58 வாக்குகளில் 17 பிரஷ்யாவின் கையில் இருந்தன; 14 வாக்கு எதிர்த்தாலே அரசியல் சட்டத் திருத்தம் வீழும். தூதர்கள் இருந்தும் பிறர் கை தாழ்ந்தே இருந்தது. ஆகவே நாம் கேட்பது மாளிகையும் மரியாதையும் அல்ல. மாநிலங்களிடை மன்றம் ஆண்டுதோறும் கூடட்டும், சட்டத்தின் கட்டளையாக. மாநிலங்களவையில் மாநில அரசின் குரல் ஒலிக்கட்டும், மக்கள்தொகையின் எடையால் நசுங்காமல். ஒரகடத்துத் தொழிலாளியின் உழைப்பிலே விளையும் வரியை எடுத்துச் செல்லும் டில்லி, அவன் மாநிலம் அனுப்பும் சொல்லையும் கேட்கட்டும். இதைத் தெருமுனைகளிலும் படிப்பகங்களிலும் எடுத்துச் சொல்வது நம் கடமை.