துப்பாக்கி இல்லாத வேட்டை

நாஜிக் குற்றவாளி ஐக்மன் பிடிபட்ட கதை என்றாலே, 1960 மே மாதம் புவனஸ் அயர்ஸில் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தவனை இஸ்ரேலிய உளவு அமைப்பான மொசாட்டின் ஆட்கள் மடக்கிக் காருக்குள் தள்ளியதுதான் பேசப்படும். ‘ஆபரேஷன் ஃபினாலே’ படமும் அதையே விறுவிறுப்பாகக் காட்டியது. கோர்ட்டுக் கட்டுகளோடு காலம் தள்ளிய வழக்கறிஞரான என்னை உலுக்கியது வேறொரு படம்: 2015-இல் வந்த, ஃப்ரிட்ஸ் பவர் பற்றிய ஜெர்மன் படம்.

பவர் யூதர், ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர். ஐக்மன் அர்ஜென்டினாவில் இருப்பதாக அவருக்குத் துப்பு கிடைத்தது. சொந்த நாட்டு அதிகாரிகளிடம் சொன்னால் விஷயம் கசிந்துவிடும். பழைய நாஜிகள் பலர் அரசுப் பதவிகளில் இருந்த காலம் அது. தேசத்துரோக வழக்கு பாயலாம் என்று தெரிந்தே இஸ்ரேலுக்குத் தகவல் கொடுத்தார். 1963-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பணியாற்றியவர்களை ஃபிராங்பர்ட் நீதிமன்றத்திலேயே நிறுத்தவும் வைத்தார்.

கார் துரத்தலைவிட இந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பெரிய த்ரில்லர். கொலைகாரனைப் பிடிப்பது ஓர் இரவு வேலை. சாட்சி திரட்டி, குற்றத்தை நிரூபித்து, ஒரு சமூகத்தையே கேட்க வைப்பதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அந்த உழைப்பையும் நம் திரைக்கதைகள் கொண்டாட வேண்டும்.